கிராசஸின் வாயில் ஊற்றப்பட்ட பொன்: வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு?

பழஞ்சுவடி எழுதியது:

ரோமானியக் குடியரசின் கடைசித் தலைமுறையைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், மார்க்கஸ் லிசினியஸ் கிராசஸின் கதையை இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறார்கள். பெரும் பணக்காரர், பேராசைக்காரர். அந்த ஆசை பிடித்துத் தள்ளிக் கிழக்கே படையெடுத்துப் போய், இன்றைய ஈரான், ஈராக் பகுதிகளை ஆண்ட பார்த்தியர்களிடம் மாண்டார். அவர்கள் உருக்கிய பொன்னை அவர் வாயில் ஊற்றி, "இப்போதாவது தாகம் அடங்கட்டும்" என்று எள்ளினார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. அவ்வளவு பொருத்தமாக இருப்பதுதான் எனக்கு ஐயத்தைத் தருகிறது.

கிராசஸ் இறந்தது கி.மு. 53இல். அவருடைய வாழ்க்கையை நமக்கு விரிவாக எழுதிவைத்தவர் கிரேக்கரான புளூட்டார்க். அவர் எழுதியது ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து. கிராசஸின் பல நற்குணங்களையும் பேராசை என்ற ஒரே குற்றம் மறைத்துவிட்டது என்று நூலின் தொடக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிற புளூட்டார்க்குக்கு, இந்தப் பொன் கதையைவிட வாய்ப்பான முடிவு வேறு கிடைக்குமா? ஆனால் அவர் அதைச் சொல்லவே இல்லை. அவர் சொல்வது வேறொரு கதை. கிராசஸின் தலையும் ஒரு கையும் ஆர்மீனியாவில் இருந்த பார்த்திய மன்னன் ஒரோடிஸுக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஒரு திருமண விருந்தில் யூரிப்பிடிஸின் நாடகம் நடந்துகொண்டிருந்தது. தன் மகனின் தலையைக் காட்டு விலங்கின் தலை என்று எண்ணி ஏந்திவரும் தாயின் பாட்டை, டிராலிஸ் ஊரைச் சேர்ந்த ஜேசன் என்ற நடிகன் கிராசஸின் உண்மையான தலையைக் கையில் ஏந்திக்கொண்டு பாடினான் என்பது அது.

பொன் ஊற்றியதைச் சொல்பவர்கள் பிற்கால வரலாற்றாசிரியர்களான புளோரஸும் டியோ காசியஸும். மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய டியோவே அதைத் தன் கூற்றாகச் சொல்லாமல், சிலர் இவ்வாறு கூறுகிறார்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கி.மு. 88இல், கிராசஸ் பார்த்தியரிடம் தோற்ற கார்ரே போருக்கு 35 ஆண்டுகள் முன்பே, கருங்கடல் கரையில் இருந்த பொந்துஸ் நாட்டு மன்னன் மித்ரிடேட்டஸ் தன்னிடம் அகப்பட்ட மானியஸ் அக்விலியஸ் என்ற ரோமானியத் தூதரின் தொண்டையில் உருக்கிய பொன்னை ஊற்றிக் கொன்றான் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். கிழக்கத்திய மன்னன், பொருளாசை பிடித்த ரோமானியன், உருகிய பொன் என்று மூன்றும் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தன. அக்விலியஸின் சாவு கிராசஸின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

வடகரையான் எழுதியது:

பொன் ஊற்றிய கதை பொய்யாகவே இருக்கட்டும் ஐயா. அதனால் பேராசையும் பொய்யாகிவிடாது. நீங்கள் ஒரு கதையை மறுத்துவிட்டு, அந்த மறுப்பிலேயே ஆளையும் வெளுத்துக் காட்டிவிடுவீர்களோ என்ற அச்சத்தில்தான் எழுதுகிறேன்.

உள்நாட்டுப் போரில் வென்ற படைத்தலைவர் சுல்லா ரோமைக் கைப்பற்றியபின் எதிரிகளின் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்தார். பெயர் இருப்பவனை யாரும் கொல்லலாம். சொத்து ஏலத்துக்கு வரும். அந்த ஏலங்களில் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர் கிராசஸ். அது மட்டுமா? தென் இத்தாலியின் புரூட்டியம் பகுதியில் ஒருவருடைய சொத்தின்மேல் கண்வைத்து, சுல்லாவின் ஆணை இல்லாமலே அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இதை அறிந்த சுல்லா அதன்பின் எந்தப் பொதுப் பணிக்கும் அவரைப் பயன்படுத்தவில்லை. சுல்லாவே முகம் சுளித்தார் என்றால் அது எப்படிப்பட்ட செயல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லிசினியா என்ற வெஸ்டா கன்னியின் வழக்கு. ஆண் தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டால் அந்தப் பூசாரிப் பெண்ணை உயிரோடு புதைத்துவிடுவார்கள். அவளோடு அடிக்கடி பேசிப் பழகினார் என்று கிராசஸ்மேல் குற்றச்சாட்டு வந்தது. புறநகரில் அவளுக்கு இருந்த அழகான தோட்ட வீட்டை மலிவாக வாங்குவதற்காகத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன் என்பது அவர் தரப்பு வாதம். நீதிபதிகள் அதை நம்பி விடுவித்தார்கள். ஒருவருடைய பேராசை ஊரறிந்ததாக இருந்தால்தானே அதையே தற்காப்பாகச் சொல்லித் தப்ப முடியும்! பிறகு அந்த வீட்டை வாங்கும்வரை அவர் அவளை விடவும் இல்லையாம்.

எருசலேம் ஆலயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 63இல் ரோமானியப் படைத்தலைவர் பாம்பி அந்த ஆலயத்துக்குள் நுழைந்தும் கருவூலத்தைத் தொடாமல் திரும்பினார். கி.மு. 54இல் கிராசஸ் வந்தபோது, எலெயாசர் என்ற குரு, வெளியே மரமாகத் தெரியும் ஓர் உத்தரத்துக்குள் மறைத்து வைத்திருந்த 300 மினா எடையுள்ள பொன் உத்தரத்தைத் தானே எடுத்துக் கொடுத்து, மற்றதைத் தொடுவதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கிராசஸ் உத்தரத்தையும் வாங்கிக்கொண்டு, சத்தியத்தையும் மீறி, பாம்பி விட்டுச் சென்ற 2,000 தாலந்துப் பணத்தையும் 8,000 தாலந்து மதிப்புள்ள பொன்னையும் வாரிச் சென்றார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். இதையும் பழைய கதை என்று தள்ளிவிடுவீர்களா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நானும் உள்ளே வருகிறேன்.

கிராசஸ் தொடங்கியபோது அவரிடம் இருந்தது 300 தாலந்து. பார்த்தியப் படையெடுப்புக்கு முன் அவரே எடுத்த சொத்துக் கணக்கில் 7,100 தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரியஸ், ஒரு தெனாரியஸ் நான்கு செஸ்டர்ஸ். ஆக ஏறக்குறைய 17 கோடி செஸ்டர்ஸ். அவருடைய நிலங்களின் மதிப்பு மட்டும் 20 கோடி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி தருகிற எண்ணும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கிறது. தன் சொத்தைக் கொண்டு ஒரு படையைப் பராமரிக்க முடியாதவன் பணக்காரனே அல்லன் என்று கிராசஸ் சொன்னதாக ஒரு கூற்று உண்டு. அக்காலத்தில் ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் சுமார் 450 செஸ்டர்ஸ் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 5,000 பேர் கொண்ட ஒரு லீஜியனுக்கு 22½ லட்சம். அவருடைய சொத்து நூற்றுக்கு ஆறு வீதம் வருமானம் தந்தது என்று வைத்துக்கொண்டாலும் நான்கு லீஜியன்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம். வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

ஆனால் கிழக்கிலிருந்து திரும்பிய பாம்பி அரசுக் கருவூலத்தில் மட்டும் 20,000 தாலந்து சேர்த்தார். வீரர்களுக்கு ஆளுக்குக் குறைந்தது 1,500 திராக்மா கொடுத்தார். அதன்பிறகும் கிராசஸே ரோமின் முதல் பணக்காரர் என்று எழுதிக்கொண்டிருப்பது பழக்கத்தின் பலம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தீயணைப்புப் படைக் கதையை. இணையத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கிறது: கிராசஸ் சொந்தமாகத் தீயணைப்புப் படை வைத்திருந்தாராம், வீடு எரியும்போது போய் நின்று, விற்றால்தான் அணைப்பேன் என்று பேரம் பேசுவாராம். புளூட்டார்க் எழுதியதைப் படித்துப் பாருங்கள். ரோமில் தீ விபத்துகளும் கட்டட இடிவுகளும் அன்றாடம் நடப்பதைக் கண்ட கிராசஸ், கட்டடக் கலைஞர்களும் கொத்தர்களுமாக 500க்கும் மேற்பட்ட அடிமைகளை வாங்கி வைத்துக்கொண்டார். எரிகிற வீடுகளையும் அவற்றை ஒட்டிய வீடுகளையும், பயந்துபோன உரிமையாளர்களிடமிருந்து அற்ப விலைக்கு வாங்கினார். ரோமின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தது. இவ்வளவுதான். தண்ணீர் வாளி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆட்கள் வாங்கிய மனையில் மறுபடி கட்டுவதற்காக இருந்தவர்கள்.

சொந்த அடிமைகளைக் கொண்டு உண்மையாகவே தீயணைப்புச் சேவை நடத்தியவர் எக்னேஷியஸ் ரூஃபஸ் என்பவர். அவர் ஒரு தலைமுறை கழித்து, முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் இருந்தார். அதனால் கிடைத்த மக்கள் செல்வாக்கே அவருக்கு எமனாயிற்று. அரசுத் தீயணைப்புப் படை வந்தது கி.பி. 6இல். கிராசஸ் செய்தது நல்ல காரியம் என்று நான் சொல்லவில்லை. செய்யாததை ஏன் சேர்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்றும் உண்டு: இவ்வளவு வீடுகளை வாங்கியவர் தனக்கென்று கட்டிக்கொண்டது ஒரே வீடு. கட்டடப் பைத்தியம் பிடித்தவனை அழிக்க வேறு எதிரியே வேண்டாம் என்பாராம்.

---

பழஞ்சுவடி எழுதியது:

வடகரையான் அவர்களே, புரூட்டியத்தையும் எருசலேமையும் நான் மறுக்கவில்லை. பணம் அவருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

அவருடைய இளமையைப் பாருங்கள். கி.மு. 87இல் சுல்லாவின் எதிரிகளான மாரியஸும் சின்னாவும் ரோமுக்குள் நுழைந்தபோது, ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவிகளான கான்சலாகவும் சென்சாராகவும் இருந்த தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் அண்ணன் கொல்லப்பட்டார். இருபத்தெட்டு வயதளவில் இருந்த கிராசஸ் ஸ்பெயினுக்கு ஓடி, குடும்ப நண்பரான விபியஸ் பாசியானஸின் நிலத்தில் கடலோரக் குகை ஒன்றில் எட்டு மாதம் ஒளிந்து வாழ்ந்தார். விபியஸின் அடிமை ஒருவன் நாள்தோறும் உணவைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் சாவு, சொன்னபடி நடந்தால் விடுதலை. செல்வாக்கும் நண்பர்களும் இல்லாத பெருங்குடும்பத்தானுக்கு ரோமில் உயிர்கூட உறுதியில்லை என்பதை அந்தக் குகையில் அவர் கற்றிருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.

பிறகு அவர் நடத்திய அரசியல் முழுவதும் கடன் கொடுக்கும் அரசியல். நண்பர்களுக்கு வட்டியில்லாமல் கொடுப்பார். தவணை நாளில் கறாராகக் கேட்பார். பாம்பியும் சீசரும் சிசெரோவும் தயங்கிய வழக்குகளில்கூடத் தானே எழுந்து வாதாடுவார். தெருவில் எதிர்ப்படும் எளியவனையும் பெயர் சொல்லி வணக்கம் கூறுவார். கி.மு. 61இல் சீசர் ஸ்பெயினுக்குப் புறப்பட முடியாமல் கடன்காரர்கள் வழிமறித்தபோது 830 தாலந்துக்குப் பிணை நின்றார். அந்தப் பிணை இல்லாவிட்டால் சீசர் என்ற படைத்தலைவரை நாம் அறிந்திருப்போமா என்பதே ஐயம்.

எல்லாரையும் வம்புக்கு இழுக்கும் சிசினியஸ் என்ற பேச்சாளரிடம், கிராசஸை மட்டும் ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டார்களாம். அவன் கொம்பில் வைக்கோல் கட்டியிருக்கிறது என்றாராம். முட்டுகிற மாட்டின் கொம்பில் வைக்கோலைக் கட்டி, வழியில் போகிறவர்களை எச்சரிப்பது ரோமானியர் வழக்கம்.

கஞ்சத்தனக் கதைகளும் இல்லாமல் இல்லை. அலெக்சாண்டர் என்ற தத்துவ அறிஞரை வெளியூருக்கு உடன் அழைத்துச் செல்லும்போது ஒரு மேலாடையைக் கொடுப்பார். திரும்பி வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்த மனிதர் எப்படித்தான் சகித்தாரோ.

---

செங்குதிரை எழுதியது:

அரசியலும் பணமும் போதும். படைத்தலைவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. கிராசஸ் போர் தெரியாத வணிகர் என்ற படம் தவறானது.

கி.மு. 82 நவம்பரில் ரோமின் கொலைன் வாயிலில் நடந்த போரில் சுல்லா தலைமையேற்ற இடது அணி சிதறியது. தோற்றுவிட்டோம் என்று சுல்லாவே எண்ணிக்கொண்டிருந்த இரவில், வலது அணியில் கிராசஸ் எதிரியை முறியடித்து வெகுதூரம் துரத்திவிட்டு, தன் வீரர்களுக்கு இரவு உணவு கேட்டு ஆள் அனுப்பினார். சுல்லாவின் ஆட்சி அந்த இரவில் வலது அணியால் பிறந்தது.

ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த போரும் அப்படியே. கபுவாவின் வாள்வீரர் பள்ளியிலிருந்து எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களோடு தப்பிய ஸ்பார்ட்டகஸ், கி.மு. 72க்குள் இரண்டு கான்சல்களின் படைகளைத் தோற்கடித்துவிட்டார். கிராசஸ் பொறுப்பேற்றதும், ஆணையை மீறிப் போரிட்டு ஓடிவந்த 500 பேரை ஐம்பது பத்துகளாகப் பிரித்து, சீட்டுப்போட்டுப் பத்துக்கு ஒருவரைப் படை பார்த்துக்கொண்டிருக்கக் கொன்றார். நெடுநாளாகக் கைவிடப்பட்டிருந்த தண்டனை அது. பிறகு இத்தாலியின் கால்விரல் பகுதியில், கடலிலிருந்து கடல்வரை 300 ஸ்டேடியா (சுமார் 55 கிலோமீட்டர்) நீளத்துக்கு, 15 அடி அகலமும் அதே ஆழமும் கொண்ட அகழியும் மதிலும் எழுப்பி ஸ்பார்ட்டகஸை அடைத்தார். பனி கொட்டிய ஓர் இரவில் அகழியின் ஒரு பகுதியை மண்ணாலும் மரக்கிளைகளாலும் தூர்த்து ஸ்பார்ட்டகஸ் வெளியேறினார், ஆயினும் கி.மு. 71இல் கதை முடிந்தது. உயிரோடு பிடிபட்ட 6,000 பேர் கபுவாவிலிருந்து ரோம்வரை அப்பியன் சாலையில் சிலுவையில் அறையப்பட்டார்கள். அந்தச் சாலை ஏறக்குறைய 195 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் முப்பது சொச்சம் மீட்டருக்கு ஒரு சிலுவை. பேராசையைப் பற்றி எழுதிய பண்டைய ஆசிரியர்கள் இந்தக் கொடுமையை அவருடைய குற்றமாகக் குறிப்பிடவே இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பலன் யாருக்கு? தப்பியோடிய 5,000 பேரை வழியில் வெட்டிய பாம்பி, அடிமைகளைக் கிராசஸ் வென்றிருக்கலாம், போரின் வேரைப் பிடுங்கியது நான் என்று செனட்டுக்கு எழுதினார். பாம்பிக்கு ஸ்பெயின் போருக்காக முழு வெற்றி ஊர்வலம். அடிமைகளை வென்றதற்குக் கிராசஸுக்குச் சிறிய ஊர்வலம். சிறிய ஊர்வலத்துக்குரிய மிர்ட்டில் இலை மாலைக்குப் பதில் லாரல் மாலை அணிய அனுமதி வாங்கியதே அவருக்குக் கிடைத்த ஆறுதல். "மாவீரன் பாம்பி வருகிறார்" என்று யாரோ சொன்னபோது, "எவ்வளவு பெரியவர்?" என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பில் நிறைய எரிச்சல் இருந்திருக்கும்.

என் கருத்தில் கார்ரேக்கு விதை இங்கேதான் விழுந்தது.

---

தாழையூர் வாசகி எழுதியது:

நல்ல இழை. இரண்டு கேள்விகள். அப்படித் தேர்ந்த படைத்தலைவர் என்றால் கார்ரேயில் ஏன் அப்படித் தோற்றார்? அங்கே பிடிபட்ட ரோமானிய வீரர்கள் சீனாவரை போய் ஒரு கிராமத்தையே உருவாக்கினார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதில் உண்மை உண்டா?

---

செங்குதிரை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன்.

அவரிடம் ஏழு லீஜியன்களும், ஏறக்குறைய 4,000 குதிரைப்படையும், அதே அளவு இலகு படையும் இருந்தன. ஆர்மீனிய மன்னன் அர்த்தவஸ்தஸ் 6,000 குதிரைவீரர்களோடு நேரில் வந்து, என் நாட்டு மலைப்பாதை வழியாக வாருங்கள், அங்கே பார்த்தியக் குதிரைகளுக்கு ஆட்டம் இல்லை என்று அழைத்தான். கிராசஸ் ஏற்கவில்லை. யூப்ரடீஸ் கரையோரமாகவே போகலாம் என்று கருவூல அதிகாரி காசியஸ் சொன்னதும் எடுபடவில்லை. ஓர் அரபுத் தலைவனின் பேச்சை நம்பி, மரமும் மறைவும் இல்லாத சமவெளியில் படையை நடத்திச் சென்றார். இன்றைய துருக்கியின் ஹர்ரான் அருகே பாலிசஸ் ஆற்றங்கரையில், களைத்த படையை ஓர் இரவு தங்கவைக்காமல், நின்றபடியே உண்ணச் சொல்லி மேலே நடத்தினார். எதிரே முப்பது வயது நிரம்பாத பார்த்தியத் தளபதி சுரேனா.

சுரேனா தன் கவசக் குதிரைவீரர்களைத் தோலாலும் துணியாலும் போர்த்தி மறைத்து வைத்திருந்தார். முரசுகள் அதிர்ந்ததும் போர்வைகள் விழுந்தன. கவசங்கள் வெயிலில் மின்னின. கிராசஸ் படையைச் சதுரமாக அடைத்து நிறுத்தினார். கவசக்காரர்கள் மோதவில்லை, விலகி நின்று, வில்லாளர்களைச் சுற்றிவர விட்டார்கள். நெருக்கமாக நின்ற சதுரத்தில் எந்த அம்பும் வீணாகவில்லை. இவர்கள் அம்பு தீர்ந்தால் கைகலப்புக்கு வருவார்கள் என்று ரோமானியர் காத்திருந்தபோது, அம்புகளைச் சுமந்த ஒட்டகங்கள் பின்னால் வரிசையாக நிற்பதைக் கண்டார்கள். போரை முடித்தது அந்த ஒட்டகங்கள்தான் என்று நான் சொல்வேன்.

மகன் பப்லியஸ் 1,300 குதிரைவீரர்களோடும், 500 வில்லாளர்களோடும், எட்டு கோஹார்ட் (லீஜியனின் உட்பிரிவு) காலாட்படையோடும் பாய்ந்தார். எதிரி ஓடுவதுபோல் போக்குக் காட்டி இழுத்துச் சென்று வளைத்தான். சீசர் கொடுத்தனுப்பிய கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு வீரர்கள் எதிரியின் நீண்ட ஈட்டிகளைக் கையால் பற்றி ஆளை இழுத்துத் தள்ளினார்கள். குதிரையின் வயிற்றுக்கடியில் புகுந்து குத்தினார்கள். ஆயினும் மீள முடியவில்லை. சற்று நேரத்தில் பப்லியஸின் தலையை ஈட்டியில் குத்தி அணிக்கு முன் கொண்டுவந்து, இதன் தகப்பன் யார் என்று பார்த்தியர் கேட்டார்கள். கிராசஸ் அணிகளிடையே நடந்து, இந்தத் துயரம் என் ஒருவனுடையது, ரோமின் பெருமை உங்களிடம் இருக்கிறது என்று கூறினார். புளூட்டார்க்கே அந்த வேளையில் அவரைக் குறைசொல்லவில்லை.

அன்றிரவு 4,000 காயம்பட்டவர்களை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். சில நாள்களில், பேச்சுவார்த்தைக்குப் போகச் சொல்லிச் சொந்த வீரர்களே கேடயங்களைத் தட்டி மிரட்டினார்கள். பகைவரின் சூதால் மாண்டான் என்று சொல்லுங்கள், குடிமக்களால் ஒப்படைக்கப்பட்டான் என்று சொல்லாதீர்கள் என்று உடனிருந்த தளபதிகளிடம் கூறிவிட்டுக் கிராசஸ் நடந்தே இறங்கினார். அவரை ஏற்றுவதற்குப் பொன் கடிவாளம் பூட்டிய குதிரை ஒன்று வந்தது, ஏற்றிவிட்டவர்கள் குதிரையை விரட்டத் தொடங்கினார்கள், உடனிருந்த தளபதி ஒக்டேவியஸ் கடிவாளத்தைப் பிடித்தார், கைகலப்பு மூண்டது, அதில் கிராசஸ் விழுந்தார். இறந்தவர் 20,000, பிடிபட்டவர் 10,000 என்பது புளூட்டார்க் தரும் எண்.

---

ஏட்டுக்காரன் எழுதியது:

சீனக் கதைக்கு வருகிறேன். இதைக் கட்டியெழுப்பியவர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ஹோமர் டப்ஸ் என்ற சீனவியல் அறிஞர். கி.மு. 36இல் ஹான் பேரரசின் படை மத்திய ஆசியாவில், சியோங்னு என்ற நாடோடி இனத்தின் தலைவன் சிஜியின் கோட்டையைத் தாக்கியது. கோட்டை வாயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட காலாட்கள் மீன் செதில் அடுக்கில் நின்று பயிற்சி செய்தார்கள் என்றும், மதிலுக்கு வெளியே இரட்டை மர வேலி இருந்தது என்றும் சீன வரலாற்றேடு சொல்கிறது. செதில் அடுக்கு என்றால் ரோமானியரின் கேடய அணி, இரட்டை வேலி என்றால் ரோமானியப் பொறியியல், ஆகவே அவர்கள் கிராசஸின் வீரர்கள் என்றார் டப்ஸ். பிடிபட்டவர்களை குடியமர்த்திய ஊர் கான்சு மாநிலத்தின் லிசியான் என்பது அடுத்த படி.

ஒவ்வொரு படியும் "இருக்கலாம்" என்பதன் மேல் நிற்கிறது. கேடயங்களை அடுக்கி நிற்பது ரோமானியருக்கு மட்டும் உரியதன்று. அவ்வூரில் ரோமானியருடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க நாணயமோ ஆயுதமோ கிடைக்கவில்லை. 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அங்குள்ள ஆண்களின் மரபுவழி சுற்றியுள்ள ஹான் மக்களோடு ஒத்துப்போவதாகவே காட்டியது. பச்சைக் கண் கொண்ட சிலர் அங்கே இருக்கிறார்கள் என்றால், பட்டுப் பாதை ஓரத்தில் அது வியப்பே அன்று. ஊருக்கு அது சுற்றுலா வருமானம் தருகிறது. அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடலாம்.

கைதிகளைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிவது இரண்டு. ஒரோடிஸ் அவர்களை மார்ஜியானாவுக்கு, அதாவது இன்றைய துர்க்மெனிஸ்தானின் மெர்வ் பகுதிக்கு அனுப்பினான் என்று பிளினி குறிப்பிடுகிறார். கிராசஸின் வீரன் அந்நியப் பெண்ணை மணந்து, பகைவனான மாமனாரின் படைக்கலம் தாங்கி நரைத்துப்போனானே என்று ஒரு தலைமுறை கழித்து ஹொரேஸ் தன் பாடலில் மனம் புழுங்குகிறார். மெர்வில் குடும்பம் நடத்திக் கிழவனான இத்தாலிய உழவன் மகன் ஒருவனை நினைத்துப் பார்க்கிறேன். சீனாவைவிட அவன் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறான்.

---

வடகரையான் எழுதியது:

எல்லாம் சரி. செங்குதிரை ஒரு முழு ஆண்டை விட்டுவிட்டார். கி.மு. 54இலேயே கிராசஸ் யூப்ரடீஸைக் கடந்தார். அப்போது ஒரோடிஸும் அவன் சகோதரன் மித்ரிடேட்டஸும் (பொந்துஸ் மன்னன் வேறு, இவன் வேறு) அரியணைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். பாபிலோனும் செலூசியாவும் பார்த்தியருக்கு எதிராகவே இருந்த நகரங்கள். நேரே அங்கே போகாமல், சில ஊர்களில் 7,000 காலாட்படையையும் 1,000 குதிரைப்படையையும் காவலுக்கு வைத்துவிட்டுச் சிரியாவுக்குத் திரும்பினார். அங்கே படைக்குப் பயிற்சி கொடுத்தாரா? நகரங்களின் வருமானத்தைக் கணக்குப் பார்த்தார். ஹீராபொலிஸ் அம்மன் கோவிலின் செல்வத்தை நாள்கணக்கில் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது வாயிலில் மகன் தடுக்கி விழ, அவன்மேல் தகப்பனும் விழுந்தாராம். சகுனத்தை விடுங்கள், தராசைப் பாருங்கள்.

---

பழஞ்சுவடி எழுதியது:

தராசைப் பார்க்கத்தான் செய்கிறேன். அதோடு நாள்காட்டியையும் பார்க்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் காத்திருந்தது பப்லியஸுக்காக. கால் நாட்டில் சீசரிடம் பணியாற்றிப் பெயரெடுத்த மகன், சீசர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த 1,000 குதிரைவீரர்களை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். சமவெளியில் பார்த்தியரை எதிர்க்கக் குதிரைப்படை வேண்டும் என்பது தெரியாமல் அவர் போகவில்லை. படைக்குச் சம்பளமும் தீவனமும் கோவில் பொன்னிலிருந்து வந்தன. சுல்லாவும் முன்பு கிரேக்கக் கோவில்களில் அதையேதான் செய்தார். அர்த்தவஸ்தஸின் 6,000 பேரை விட்டதுதான் மன்னிக்க முடியாத பிழை. அதற்குப் பொன்னாசை காரணமாகாது. ஆர்மீனியா வழியாகப் போயிருந்தால் ஆலயமும் தராசும் இருந்தும் அவர் வென்றிருக்கக்கூடும்.

ஏன் போனார் என்பதற்கு விடை கி.மு. 56இல் இருக்கிறது. அந்த வசந்தத்தில் சீசர், பாம்பி, கிராசஸ் மூவரும் மீண்டும் கைகோத்தார்கள். மறு ஆண்டு பாம்பியும் கிராசஸும் கான்சல்கள். சீசருக்குக் கால் நாட்டில் மேலும் ஐந்தாண்டு, பாம்பிக்கு ஸ்பெயின், கிராசஸுக்குச் சிரியா. சீசர் ரைன் நதியைக் கடந்து, பிரிட்டனிலும் கால்வைத்த ஆண்டு கி.மு. 55. பாம்பிக்கு ஏற்கெனவே மூன்று வெற்றி ஊர்வலங்கள் முடிந்திருந்தன. அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த கிராசஸிடம் இருந்தது ஸ்பார்ட்டகஸுக்காகக் கிடைத்த அந்தச் சிறிய ஊர்வலம் மட்டும். படையும் புகழும் இல்லாதவனைப் பணம் மட்டும் காப்பாற்றாது என்ற நிலைக்கு ரோம் வந்துவிட்டிருந்தது. பார்த்தியா ரோமுக்கு எந்தத் தீங்கும் செய்யாத நாடு. அந்தப் போரே அநியாயம் என்று சொல்லி, நகர வாயிலில் கனல் சட்டியோடு நின்று மக்கள் தலைவர் அட்டேயஸ் சாபமிட்டார். கிராசஸ் அதைக் கடந்து போனார். வழியில் புதிதாக நகரம் கட்டிக்கொண்டிருந்த கலாத்திய மன்னன் டெயோட்டரஸைப் பார்த்து, கடைசி மணி நேரத்தில் கட்டத் தொடங்குகிறீர்களே என்று கேலி செய்தபோது, தாங்களும் அதிகாலையிலேயே புறப்பட்டு வந்ததாகத் தெரியவில்லையே என்று அந்தக் கிழவன் சிரித்தான்.

இந்தக் குடும்பத்துக்குப் புகழ்ப்பசி எவ்வளவு என்பதற்குப் பேரனைப் பாருங்கள். கிராசஸின் மூத்த மகனுக்குப் பிறந்த, அதே பெயர் கொண்டவர், கி.மு. 29இல் பஸ்டார்னே இனத்தின் அரசன் டெல்டோவைத் தன் கையாலேயே கொன்றார். எதிரி மன்னனை நேருக்கு நேர் கொன்ற தளபதி அவன் கவசத்தை ஜூபிடர் கோவிலில் சாத்துவது ரோமின் மிக அரிய மரியாதை. ரோமுலஸிலிருந்து எண்ணினாலும் அதுவரை மூவருக்கே கிட்டியது. தனி அதிகாரம் கொண்ட தளபதிக்கே அது உரியது என்ற விதி காட்டப்பட்டு, பேரனுக்கு அது கிடைக்கவில்லை. பின்னாளில் அகஸ்டஸ் என்று பெயர் பெற்ற ஒக்டேவியன் அருகே இன்னொரு புகழ் நிற்க அப்போது இடமில்லை. கி.மு. 27இல் வெற்றி ஊர்வலம் மட்டும் தந்தார்கள். அதன்பின் அவரைப் பற்றிய பேச்சே இல்லை. கார்ரேயில் பாட்டன் இழந்த கொடிகளை கி.மு. 20இல் பார்த்தியரிடமிருந்து போரின்றித் திரும்பப் பெற்று, நாணயத்திலும் சிலையின் மார்புக் கவசத்திலும் பொறித்துக்கொண்டவர் அகஸ்டஸ்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வென்ற சுரேனாவின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராசஸின் சாயல் கொண்ட கைதி ஒருவனுக்குப் பெண் உடை அணிவித்து, செலூசியா தெருக்களில் போலி ஊர்வலம் நடத்தினார். அதன்பின் அதிக நாள் வாழவில்லை. அவருடைய புகழைப் பொறுக்காத ஒரோடிஸ் அவரைக் கொன்றான். ஒரோடிஸை அவன் மகன் பிரேட்டஸ் கொன்றான். அகஸ்டஸிடம் கொடிகளைத் திருப்பிக் கொடுத்தவன் அந்த பிரேட்டஸ்தான்.